தாமதமாக வந்த எருமை

காட்டாற்று மடுவில் சுழலி என்றொரு நீர்நாய் இருந்தாள். வாயைத் திறந்தால் சண்டைதான்! அந்த மாதம் மட்டும் மூன்று பேரைக் கடித்துவிட்டாள். “இன்னொரு தடவை கடித்தால் மடுவை விட்டே துரத்திவிடுவோம்!” என்றது நீர்நாய்க் கூட்டம்.

வேறு வழியில்லாமல் மேதி என்ற எருமையிடம் போய்வரத் தொடங்கினாள். யார் வந்து மனக்குறை சொன்னாலும் குறுக்கே பேசாமல் கேட்பவள் மேதி. தினமும் வெயில் சாயும் நேரம், மருத மரத்தடியில் இருவரும் சந்திப்பார்கள்.

ஒருநாள் மேதியைக் காணோம். காத்திருந்த சுழலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெயில் முழுக்க இறங்கிய பிறகுதான் மேதி அசைந்து அசைந்து வந்தாள்.

“இப்போது எதற்கு வந்தாய்? நான் செத்தேனா பிழைத்தேனா என்று பார்க்கவா?” என்று சுழலி சீறினாள்.

“தப்பு என்னுடையதுதான். உன்னைக் காக்கவைத்துவிட்டேன்” என்றாள் மேதி. “இன்னும் சொல்.”

“என்ன சொல்ல? எல்லாரும் ஒரே மாதிரி! வருகிறேன் என்பீர்கள். வரமாட்டீர்கள்!”

“எல்லாரும் என்கிறாய்…”

சுழலி வாலால் தரையை அடித்தாள். மேதி அவசரப்படுத்தவில்லை. அசை போட்டபடி நின்றாள். பிறகு மெல்லச் சொன்னாள்:

“நீ சொன்னதை வைத்துப் பார்த்தால், நீ கடித்த மூன்று பேருமே சொன்ன நேரத்துக்கு வராதவர்கள். எனக்கொன்று தோன்றுகிறது. தப்பென்றால் சொல். இந்தக் கோபம் எங்களுக்கெல்லாம் முன்பே வேறொருவர்மேல் வந்ததோ?”

“அதெல்லாம் ஒன்றுமில்லை!” என்று கத்தினாள் சுழலி. கத்தும்போதே குரல் உடைந்தது. “அக்கா… நான் குட்டியாக இருந்தபோது, வெள்ளத்தன்று என்னைப் பாறைமேல் உட்காரவைத்து, ‘இதோ வருகிறேன்’ என்று போனாள். இரண்டு பகலும் ஓர் இரவும் அங்கேயே கிடந்தேன்! இப்போது கீழ்மடுவில் சுகமாக இருக்கிறாளாம்! நான் இருக்கிறேனா என்றுகூட விசாரிக்கவில்லை!”

“இதை அவளிடம் சொல்லியிருக்கிறாயா?”

“இல்லை.”

மறுநாள் சுழலி ஆற்றோடு நீந்திக் கீழ்மடுவுக்குப் போனாள். அக்கா மணல்திட்டில் படுத்திருந்தாள்.

“ஏன் வரவில்லை?” என்று முகத்துக்கு நேரே கேட்டாள் சுழலி. “அப்போது நான் குட்டி! நீ போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தேன்!”

அக்கா தலையைத் தொங்கப்போட்டாள். “வெள்ளத்தைப் பார்த்துப் பயந்துவிட்டேன். அப்புறம் உன் முகத்தில் விழிக்க வெட்கமாக இருந்தது.”

“உன் வெட்கத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது!” என்றாள் சுழலி.

அவள் அக்காவை மன்னிக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து யாரையும் கடிக்கவும் இல்லை.

நம் கோபம் உண்மையில் யார்மேல் என்று தெரிந்து அவரிடமே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் அது அதற்குச் சம்பந்தமே இல்லாதவர்கள்மேல் பாய்ந்துகொண்டே இருக்கும்.