கரடியார் மெச்சிய பாட்டு

பலா மரங்கள் அடர்ந்த ஒரு காட்டில் திருகன் என்ற மலையணில் வாழ்ந்தது, குழந்தைகளே. கையில் எது கிடைத்தாலும் திருகிப் பார்க்காமல் விடாது; அதனால்தான் அந்தப் பெயர்.

ஒருநாள், காடு பார்க்க வந்தவர்களின் ஜீப்பிலிருந்து ஒரு பெட்டி விழுந்தது. வெயில் பட்டால் ஓடும் பெட்டி. எந்தச் சத்தத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு, வேகமாகவும் மெதுவாகவும் திரும்பத் திரும்பப் பாடும். திருகனுக்குத் தலைகால் புரியவில்லை. தவளையின் கத்தலைப் பிடித்தது. மரங்கொத்தியின் தட்டலைப் பிடித்தது. யானையின் வயிறு கடமுடவென்று உருண்டதையும் விடவில்லை. கோடை முழுவதும் அவற்றைக் கலந்து கலந்து, தன் முதல் இசைத்தொகுப்பைச் செய்து முடித்தது.

வெளியீட்டுக்கு முன்னால் ஒருமுறை எல்லாருக்கும் போட்டுக் காட்டியது. காட்டுப்பன்றி குதித்தது. மான்கள் சுழன்றன. முள்ளம்பன்றியும் ஆடியது, அதைச் சுற்றி மட்டும் நிறைய இடம் இருந்தது.

திருகனின் கண்ணோ கரடியார் மேலேயே இருந்தது. அந்தக் காட்டில் எது நல்ல பாட்டு என்று தீர்ப்புச் சொல்பவர் அவர்தான். வயிறு முட்டத் தேன் குடித்துவிட்டு வந்த கரடியார், முதல் பாட்டிலேயே கண்ணை மூடினார். பாட்டெல்லாம் முடிந்த பிறகு, தம் குறட்டைச் சத்தத்தில் தாமே திடுக்கிட்டு விழித்தார்.

"எப்படி இருந்தது, ஐயா?" என்று திருகன் பணிவாகக் கேட்டது.

தூங்கிவிட்டேன் என்று சொன்னால் மதிப்பு என்னாவது? கரடியார் தாடையைச் சொறிந்தார்.

"முன்னால் வந்ததெல்லாம் வெறும் இரைச்சல். கடைசியில் ஒன்று வந்ததே, கொர்ர்ர் என்று அடிவயிற்றிலிருந்து எழும்பி, புஸ்ஸ் என்று அடங்கியதே, அதுதான் இசை."

அவர் போனதும் தவளை, "அது அவருடைய குறட்டை, திருகா. உன் பெட்டியில் அப்படி ஒரு பாட்டே இல்லை" என்றது.

"தெரியும். ஆனால் கரடியாருக்குப் பிடித்திருக்கிறதே."

"நாங்கள் கால் நோக ஆடினோமே, அது கணக்கில்லையா?" என்றது முள்ளம்பன்றி.

"நீங்கள் மழை பெய்தாலும் ஆடுவீர்கள்" என்று சொல்லிவிட்டு, திருகன் பெட்டியிலிருந்த எல்லாப் பாட்டையும் அழித்தது. கரடியார் குகைக்குப் போய், அவர் மதியத் தூக்கம் போடும்வரை காத்திருந்து, குறட்டையைப் பிடித்துப் பெட்டி நிறைய நிரப்பியது.

வெளியீட்டு நாள் வந்தது. ஆடுவதற்கென்றே எல்லாரும் வந்திருந்தார்கள்.

"கொர்ர்ர்... புஸ்ஸ்..." என்றது பெட்டி.

மான்கள் கொட்டாவி விட்டன. யானை நின்றபடியே உறங்கியது. முள்ளம்பன்றி தூக்கக் கலக்கத்தில் காட்டுப்பன்றி மேல் சாய்ந்தது. அன்றைக்கு நடந்த ஒரே ஆட்டம் அந்தக் காட்டுப்பன்றி ஆடியதுதான்.

கரடியார் இந்த முறை தேன் குடிக்காமல் வந்து, காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். கேட்கக் கேட்க முகம் சுருங்கியது.

"இதில் என்ன புதுமை இருக்கிறது? எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறது. என் வீட்டுப் பக்கம்தான் கேட்டிருக்கிறேன். யாரிடமோ திருடியிருக்கிறாய்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

திருகன் பெட்டியின் எல்லாக் குமிழையும் திருகிப் பார்த்தது. பழைய பாட்டு ஒன்றுகூட வரவில்லை. கடைசியில், தயங்கித் தயங்கித் தவளையிடம் போய் நின்றது.

"இன்னும் ஒரே ஒரு முறை கத்துகிறாயா?"

"கத்தலாம்" என்றது தவளை. "எதற்கும் கரடியாரை ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு வா."

நீதி: கேட்டு மகிழ்ந்தவர்களை விட்டுவிட்டு, கேட்காதவரின் புகழ்ச்சிக்கு ஆசைப்பட்டால் இரண்டும் கிடைக்காது.