அப்பா காலத்து வெயில்

"தாயி, நான் என்ன தப்பு செஞ்சேன்?"

வேலாயுதம் வாசலில் நின்றபடியே கேட்டார். காலில் செருப்பில்லை. முட்டி வரைக்கும் மணல்.

குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த மருதாயி நிமிர்ந்து பார்த்தாள்.

"உள்ள வாங்க பெரியப்பா."

கரீபியன் கடலில் ஒரு சின்னத் தீவு அது. முன்னொரு காலத்தில் கரும்பு வெட்டக் கப்பலேறிப் போனவர்களின் பேரன் பேத்திகள் அங்கே இருந்தார்கள். அவர்களுடைய மாரியம்மன் கோயிலில் விளக்கேற்றுகிறவள்தான் மருதாயி. அவளுக்கு வயசு கொஞ்சம்தான். பேச்சும் கொஞ்சம்தான். ஆனாலும் மனசு கலங்கினால் எல்லாரும் அவளிடம்தான் வந்தார்கள்.

வேலாயுதத்துக்குத் தலை நரைத்துவிட்டது. அவரும் அவளைத்தான் குருவாக நினைத்தார்.

"உன் குரு உன் மகளைவிடச் சின்னவளாமே" என்று கேலி செய்வார்கள்.

"என் வீட்டுக் கண்ணாடிகூடத்தான் என்னைவிடச் சின்னது. அதுல முகம் தெரியலையா?" என்பார்.

இன்று அந்தக் கேலி கிண்டல் எதுவும் அவரிடம் இல்லை.

"முட்டையெல்லாம் வீணாப்போகுது தாயி."

அந்தத் தீவின் கரையில் ஆமைகள் வந்து முட்டையிடும். நாயும் மனுஷரும் தோண்டித் தின்பதற்கு முன்னால் முட்டைகளை எடுத்து வந்து, வேலி போட்ட பட்டிக்குள் புதைத்துக் காப்பது வேலாயுதத்தின் வேலை. அவர் அப்பா தொடங்கி வைத்தது. பொரித்த குஞ்சுகளைக் கடலில் கொண்டுபோய் விடுவார்.

"போன வருஷமே பாதிதான் பொரிச்சுது. இந்த வருஷம் ஒண்ணுகூட வெளிய வரல. தோண்டிப் பார்த்தேன். ஓட்டுக்குள்ளேயே செத்துக் கிடக்கு. கண்ணு, காலு எல்லாம் வந்திருக்கு தாயி."

அவர் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார்.

மருதாயி எண்ணெய் தேய்ப்பதை நிறுத்தினாள்.

"இன்னும் ஒரே ஒரு குழிதான் மிச்சம். அதுவும் போச்சுன்னா வேலியைப் பிடுங்கிடுவாங்களாம். ஊர்க்கூட்டத்துல சொல்லிட்டாங்க. பழையபடி அவங்கவங்க தோண்டித் தின்னுக்குவாங்களாம். என் மச்சானே சொல்றான், உன் பட்டியில கெட்டுப்போறதுக்கு எங்க சட்டியில வெந்தா வயிறாவது நிறையும்னு."

குழந்தை அவரைப் பார்த்துக் காலை உதைத்துச் சிரித்தது.

"உனக்குமாடா நான் சிரிப்பாப் போயிட்டேன்?"

அழ வந்தவர் கொஞ்சம் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஆத்தாளுக்கு ஏதும் கோபமா? கிடா வெட்டணுமா?"

"ஆத்தா எதுக்குக் குஞ்சு மேல கோபப்படப் போறா?"

"பின்ன யாரு கண்ணு வெச்சது?"

"எப்படிப் பார்த்துக்கிறீங்க, சொல்லுங்க."

"அப்பா பார்த்த மாதிரியேதான். தினமும் பட்டியைக் கூட்டறேன். ஒரு கொடி, ஒரு புல் விட்டு வைக்கிறதில்ல. வேர் முட்டைக்குள்ள இறங்கிடும்னு அப்பா சொல்வார். மேல நிழல் விழக்கூடாது. முட்டையை அடைகாக்கிறதே வெயில்தானே? அப்பா காலத்துல இருந்த மாதிரியே எல்லாம் இருக்கு. ஒரு குறை வைக்கல."

"வெயிலும்?"

"வெயில்ல என்ன தாயி, அப்பா வெயில், மகன் வெயில்னு? ஒரே சூரியன்தானே."

மருதாயி குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டாள்.

"பேரப்பிள்ளைங்க கூட வருவாங்களா?"

"எங்க வர்றாங்க? மணல்ல காலை வெச்சதும் ஐயோ அம்மான்னு குதிச்சு ஓடுதுங்க. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கெல்லாம் பூங்கால். அந்த வயசுல நாங்க உச்சி வெயில்ல அங்கதான் விளையாடுவோம்."

"ம்" என்றாள்.

முற்றத்தில் ஓர் அண்டா நிறையத் தண்ணீர் இருந்தது. குழந்தையைக் குளிப்பாட்ட வெயிலில் காய வைத்தது.

"தண்ணி பதமா இருக்கான்னு பாருங்க பெரியப்பா. என் கையெல்லாம் எண்ணெய்."

வேலாயுதம் போய்க் கையை விட்டார். காலையிலிருந்து சுடுமணலைத் தோண்டிய கை.

"பதமா இருக்கு. இன்னும் கொஞ்சம் காய்ஞ்சாக்கூடத் தேவலாம்."

செம்பில் மொண்டார்.

"நானே ஊத்தட்டுமா?"

"முழங்கையை விட்டுப் பாருங்க."

"அதுவும் என் கைதானே தாயி?"

"விட்டுப் பாருங்க."

சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு முழங்கையை அமிழ்த்தினார். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

செம்பு அப்படியே நின்றது. அவர் குழந்தையின் வயிற்றைப் பார்த்தார். எண்ணெயில் பளபளத்த சின்ன வயிறு.

"இதையா நான் ஊத்த இருந்தேன்?"

மருதாயி பானையிலிருந்து பச்சைத்தண்ணீர் மொண்டு விளாவினாள். தொட்டுப் பார்த்தாள். இன்னும் ஊற்றினாள்.

"என் வீட்டுக்காரரை எங்க அத்தை இதே அண்டாவுலதான் குளிப்பாட்டினாங்களாம். இதே இடம்தான். இதே நேரம்தான். வெயில்ல வெச்ச தண்ணிக்குப் போய் யாராவது விளாவுவாங்களாடின்னு முதல்ல என்னைத் திட்டினாங்க."

"அப்புறம்?"

"பேரனைத் தூக்கிட்டு அவங்களே வந்தாங்க. தொட்டுப் பார்த்தாங்க. பேசாம பானைகிட்ட போயிட்டாங்க."

காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் கிடத்தித் தண்ணீர் ஊற்றினாள். அது தண்ணீரைப் பிடிக்கப் பார்த்தது. அகப்படவில்லை. கோபம் வந்தது. பிறகு மறந்துபோனது.

வேலாயுதம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தினமும் அந்த மணலைத் தொட்டுப் பார்க்கிறேன் தாயி. தினமும் சரியா இருக்குன்னு மூடிட்டு வர்றேன்."

மருதாயி குழந்தைக்குத் தலை துவட்டினாள்.

"கடைசியா வந்த ஆமை, முட்டையை விட்டுட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமக் கடலுக்குப் போச்சு. நான் இருக்கேன்னுதானே போகுது?"

அவள் காதோரத்து ஈரத்தைத் துடைத்தாள்.

"அப்பா நிழல் போட்டதே இல்ல. நான் போட்டா அவரை மீறினதா ஆகாதா?"

"அவர் எதுக்குப் போடல?"

"முட்டை பிழைக்கணும்னுதான்."



வேலாயுதம் சட்டென்று எழுந்தார்.

"நாளைக்கு விடிஞ்சதும் தென்னோலை வெட்டிப் பந்தல் போட்டுடறேன்."

மருதாயி வெளியே பார்த்தாள். முற்றத்து மண் கண் கூசத் தகித்துக்கொண்டிருந்தது.

குழந்தையைப் பாயில் விட்டு எழுந்தாள். உத்தரத்தில் தொங்கிய தூளியை அவிழ்த்தாள். பலமுறை துவைத்து மெத்தென்று ஆகிப்போன பச்சைச் சேலை. அதை மடித்து அவர் கையில் வைத்தாள்.

"இப்பவே அந்தக் குழி மேல நாலு குச்சி நட்டு இதைக் கட்டுங்க."

"ஐயோ, பிள்ளை எதுல தூங்கும்?"

"மடி இருக்கு பெரியப்பா. நீங்க ஓடுங்க."