நல்லசிவம் விற்ற வாஷிங் மெஷின்

"பூமியா, பொண்டாட்டியா? நீங்களே சொல்லிடுங்கம்மா."

கேட்டபடியே காரிலிருந்து இறங்கி வந்து உட்கார்ந்தார் நல்லசிவம்.

மலையடிவார ஆசிரமத்தில் குரு முன்னால் முறத்தை வைத்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். சீடரைவிட வயதில் இளையவர். ஆனாலும் நல்லசிவத்துக்கு அவர் 'அம்மா'தான்.

"ஏன், மரகதம் என்ன சொன்னாங்க?"

"அக்கா வீட்டுக்குப் போய்ட்டா. இனிமே வரமாட்டாளாம்."

உலகத்தைக் காப்பாற்றுகிறவர்களுக்கே உரிய களைப்பு அவர் முகத்தில் இருந்தது.

"நீங்க என்ன பண்ணீங்க?"

"நீங்க சொன்னதைத்தான் பண்ணேன். ஒவ்வொரு வீடும் தன் பங்குக்குப் புகையைக் குறைக்கணும்னு சொன்னீங்கல்ல? நாம போடற ஒவ்வொரு சுவிட்சுக்கும் எங்கேயோ நிலக்கரி எரியுதுன்னு? வாஷிங் மெஷினை வித்துட்டேன். மிக்ஸி, கிரைண்டர் ரெண்டையும் பரண்ல ஏத்திட்டேன். அம்மி, ஆட்டுக்கல் வாங்கிப் போட்டேன். தெருவே மெச்சுது."

"மரகதம் மெச்சலையா?"

"அவளுக்கு எங்க புரியுது! தோள்பட்டை வலிக்குதுங்கறா. அந்தக் காலத்துல பொம்பளைங்க அரைக்கலையா, துவைக்கலையா?"

குரு ஒரு சொத்தை மொச்சையைத் தூர எறிந்தார்.

"குளிக்கச் சுடுதண்ணி?"

"ஹீட்டரைக் கழட்டியாச்சு. குடத்துல தண்ணி எடுத்து மொட்டை மாடி வெயில்ல வெச்சா தானா சூடாயிடுது."

"குடத்தை மாடிக்கு யார் தூக்கறாங்க?"

நல்லசிவம் இருமினார்.

"ஐயா, மெஷின், மிக்ஸி, கிரைண்டர் எல்லாத்தையும் விட்டுட்டீங்க. சரி. இதுல எதோட சுவிட்சையாவது நீங்க என்னைக்காவது போட்டிருக்கீங்களா?"



குரு மொச்சையை உரித்துக்கொண்டே இருந்தார்.

நல்லசிவம் செல்போனை எடுத்தார்.

"மரகதம், நான்தான். மெஷினைத் திரும்ப வாங்கிடறேன். நீ வந்துடு."

"வாங்கிட்டு? துணியை யார் போடறது, யார் எடுத்துக் காயவைக்கறது?" மரகதத்தின் குரல் குருவுக்கும் கேட்டது.

"அதான் மெஷின் இருக்குல்ல..."



குரு முறத்தை அவர் பக்கம் தள்ளினார்.

நல்லசிவம் ஒரு மொச்சையை எடுத்தார். நகத்தால் கீறினார். பிளக்கவில்லை. திருப்பிப் பிடித்து மறுபடி கீறினார். நகக்கண் வலித்தது.

முறத்தில் இன்னும் ஒரு குவியல் கிடந்தது. அவர் அதையே பார்த்தார்.

"நான் துவைக்கறேன்" என்றார் போனில்.

"என்னது?"

"துணி. நானே துவைக்கறேன். மாவும் நானே ஆட்டறேன். எப்படின்னு மட்டும் சொல்லிக்குடு."



"அப்படின்னா மெஷின் எதுக்குங்க? வேணாம், விடுங்க. நாளைக்கு வரேன்."

"நானே வந்து கூட்டிட்டு வரேன்."

"ஐயோ, ஒரு ஆளுக்காக அந்தக் காரை எடுத்துக்கிட்டு அவ்வளவு தூரம் வராதீங்க. நான் பஸ்ல வந்துக்கறேன்."