புளி போட்டுத் தேய்த்த பாஸ்போர்ட்

உலகத்தில் முட்டாள்களுக்குப் பஞ்சம் வந்தால் சாத்தூருக்கு ஒரு தாக்கல் சொல்லி அனுப்புங்கள். அங்கே வாடகைப் பாத்திரக்கடை நடத்தும் நாங்கள் மூன்று பேர் உடனே கிளம்பி வருகிறோம். ஞானதுரை, முத்திருளாண்டி, நான். மூவரில் நான் கொஞ்சம் விவரமானவன் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பியதும் நான்தான்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம். அண்டாவோ கரண்டியோ, எது வெளியே போனாலும் சீட்டில் கையெழுத்து வாங்குவோம். கொடுத்த மாதிரியே திரும்பி வர வேண்டும். கறையோடு வந்தால் புளி போட்டுத் தேய்க்காமல் உள்ளே ஏற்ற மாட்டோம்.

இப்படிப்பட்ட நாங்கள் மூன்று நாள் பாங்காக் பார்த்து வரலாம் என்று முடிவு செய்தோம். மற்ற இருவருக்கும் அது சுற்றுலா, எனக்குப் பரீட்சை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் என் மனைவி வேலுத்தாயை நான் கூட்டிப்போன தூரதேசம் குற்றாலம். அன்றைக்கு அருவியில் தண்ணீர் இல்லை. அவளை ஒரு தடவையாவது விமானத்தில் ஜன்னலோரம் உட்கார வைத்துப் பார்க்க எனக்கு ஆசை.

"முதல்ல நீங்க மூணு பேரும் போயிட்டு உருப்படியாத் திரும்பி வாங்க. அப்புறம் உங்கள நம்பி நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டாள்.

வேலுத்தாயின் அண்ணன் தவசி நாலு தேசம் பார்த்தவர். கடைக்கு வந்து, பார்க்க வேண்டிய இடங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். முதல் நாள் படுத்திருக்கும் புத்தர், இரண்டாம் நாள் மிதக்கும் சந்தை, மூன்றாம் நாள் கடைத்தெரு.

"மாப்ள, மூணே விஷயம். கைப்பை ஏழு கிலோ. விமானத்துக்கு மூணு மணி நேரம் முன்னாடி போயிரணும். பாஸ்போர்ட்ட யார்கிட்ட குடுத்தாலும், குடுத்த மாதிரியே பத்திரமாத் திருப்பி வாங்கிரணும்" என்றார்.

மூன்றாவதைக் கேட்டதும் எங்களுக்குத் தெம்பு வந்தது. அது எங்கள் தொழிலாயிற்றே.

அவர் போனதும் தாளை நடுவில் வைத்து யோசித்தோம்.

"மிதக்குற சந்தைய ரெண்டாம் நாள் வச்சா, அதுக்குள்ள அது மிதந்து எங்கயாவது போயிராதா?" என்றான் ஞானதுரை.

"போயிரும்" என்றான் முத்திருளாண்டி. "புத்தர் படுத்துத்தான இருக்காரு. அவர அப்புறமாப் பாத்துக்கலாம்."

அந்தக் கூர்மையான யோசனை எனக்கே தோன்றவில்லை. சந்தையை முதல் நாளுக்கு மாற்றினோம்.

பைகளைக் கடைத் தராசில் ஏற்றினோம். அவர்களுடையது சரியாக ஏழு கிலோ. என் பை ஐந்துதான் இருந்தது. விமானத்தில் எடை குறைந்தால் என்ன செய்வார்களோ என்று பயந்து, வேலுத்தாய் வருஷத்துக்கு வாங்கி வைத்திருந்த புளியில் இரண்டு கிலோவை எடுத்துப் பையை நிரப்பினேன். அவளிடம் சொல்லவில்லை.

பயண நாளில், நாங்கள் போக வேண்டிய சென்னைப் பேருந்துக்கே மூன்று மணி நேரம் முன்னால் பேருந்து நிலையம் போய்விட்டோம். அதே ஊருக்கு ஐந்து வண்டிகள் காலியாகப் போயின. நேரம் ஆகாததால் ஏறவில்லை.

சென்னை விமான நிலையத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் ஓர் அதிகாரி இருந்தார். "பாஸ்போர்ட் குடுங்க" என்றார்.

ஞானதுரை கடைச் சீட்டுப் புத்தகத்தை நீட்டினான். பொருள், பாஸ்போர்ட். எண்ணிக்கை, மூன்று. நிலை, புதுசு, கறையில்லை.

"இது என்ன?"

"ஒரு கையெழுத்து சார். எங்க கடை வழக்கம். தாசில்தார் வீட்டு விசேஷத்துக்கே கையெழுத்து வாங்கிட்டுத்தான் அண்டா குடுத்தோம்."

எங்களுக்குப் பின்னால் வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. அதிகாரி அதைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். பிறகு மூன்று பாஸ்போர்ட்டிலும் டப் டப்பென்று முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தார்.

முத்திருளாண்டி பக்கத்தைப் பிரித்துப் பார்த்து அதிர்ந்து போனான். "சார், கறை ஆயிருச்சு."

"அடுத்த ஆள் வாங்க" என்றார் அதிகாரி.

உள்ளே போய் உட்கார்ந்து வெகுநேரம் பேசினோம். கொடுத்த மாதிரியே வாங்க வேண்டும் என்று தவசி சொல்லியிருந்தார். இப்போதோ மூன்றிலும் கறை. விமானம் கிளம்ப இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. என் பையில் புளியும் இருந்தது.

குழாயடியில் வைத்துத் தேய்த்தோம். முப்பது வருஷம் பித்தளை தேய்த்த கைகள், லேசில் விடுமா? முத்திரை போயிற்று. தாள் அப்பளம்போல மெலிந்து, அந்தப் பக்கம் நின்ற ஞானதுரையின் முகம் தெரிந்தது. இவ்வளவு சுத்தமாக ஒரு பொருளை நாங்கள் தேய்த்ததே இல்லை.

விமான வாசலில் நின்ற பெண் என் பாஸ்போர்ட்டைப் பிரித்தாள். பக்கம் அவள் விரலோடு வந்துவிட்டது. விமானம் எங்களை விட்டுவிட்டுப் பறந்தது. ஜன்னலோர இருக்கையை நினைத்தேன், எனக்கு அழுகை வந்தது.

எங்களை மறுபடி அதே அதிகாரியிடம் கூட்டிப்போனார்கள். பயணம் ரத்து என்று, மிச்சமிருந்த பக்கங்களில் இன்னொரு முத்திரை குத்தினார். நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பையில் இன்னும் ஒன்றரைக் கிலோ புளி இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் வேலுத்தாய் கேட்ட முதல் கேள்வி, "என் புளி எங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நான் தலையைக் குனிந்தபடி, "உன்னைய ஜன்னல் சீட்டுல உக்கார வைக்கணும்னு நெனச்சேன்" என்றேன். அவள் சிரிப்பு நின்றது.

"சரி விடுங்க. எனக்கும் ஒரு பாஸ்போர்ட் எடுங்க. உங்கள நான் கூட்டிட்டுப் போறேன், என் கையப் பிடிச்சுக்கிட்டு வந்தாப் போதும். இப்ப உங்க பாஸ்போர்ட்டக் குடுங்க, இனிமே நானே வச்சுக்கிறேன்."

பாஸ்போர்ட்டைப் பையிலிருந்து எடுத்தேன். ஆனாலும் வழக்கம் வழக்கம்தான். சீட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் அவள் முன்னால் வைத்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். திருப்பித் தரும் நாள் என்ற கட்டத்தில் 'தர மாட்டேன்' என்று எழுதினாள்.

சரிபார்த்தேன். எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. நகலைக் கிழித்து அவளிடம் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் பாஸ்போர்ட்டைக் கையிலிருந்து விட்டேன்.