பத்து ஊற்று மலையும் ஒற்றை ஊற்று மலையும்

வளைப்பல்லன் என்ற காட்டுப்பன்றி குளிர்மலையின் தலைவன். குளிர்மலைக்கு எதிரே, ஒரு பள்ளத்தாக்கைத் தாண்டினால், கல்மலை. அங்கே வரையாடுகள் வாழ்ந்தன.

தினமும் காலையில் வளைப்பல்லன் ஒரு பாறைமேல் ஏறி நின்று இரண்டு மலைகளையும் ஒப்பிடுவான்.

"நம் மலையில் ஊற்று எத்தனை?"

"பத்து!" என்று கத்தும் விலங்குக் கூட்டம்.

"கல்மலையில்?"

"ஒன்று!"

"நம்மிடம் பலா, நாவல், காட்டு மா! அவர்களிடம்?"

"நெல்லிக்காய்! அப்புறம் கல், முள்!"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

சொன்னது பொய்யில்லை. குளிர்மலையில் சோலை அடர்ந்திருந்தது. உச்சியில் புல்வெளி மெத்தைபோல் கிடந்தது. அந்தப் புல்லும் மண்ணும் மழைநீரைக் குடித்து வைத்துக்கொண்டு, கோடை முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுகளுக்கு விட்டன. கல்மலையில் மண்ணே குறைவு. உச்சியில் சின்னதாக ஒரு புல்திட்டு. அதன் அடியில் ஒரே ஊற்று. வரையாட்டுத் தலைவி கொம்பழகி அந்தத் திட்டில் யாரையும் மேயவிட மாட்டாள். பசியோடு வரும் தன் குட்டியைக்கூட முட்டித் திருப்பிவிடுவாள்.

"கஞ்சப் பிசினாறி!" என்று பன்றிகள் அவளைக் கேலி செய்தன.

ஒரு வருடம் குளிர்மலை உச்சியில், புல்லுக்கு அடியில், ருசியான கிழங்கு இருப்பதைப் பன்றிகள் கண்டுபிடித்தன. அவ்வளவுதான்! மூக்கால் கிளறின. கோரைப்பல்லால் பிய்த்தன. ஒரே மாதத்தில் புல்வெளி உழுது போட்ட நிலம்போல் ஆனது.

மலையடி ஊற்றின் பக்கத்தில் புள்ளியாள் என்ற சருகுமான் வாழ்ந்தாள். முயல் அளவுதான் இருப்பாள். அவளுக்கு அப்போதுதான் ஒரு குட்டி பிறந்திருந்தது. அவள் மூச்சு வாங்க உச்சிக்கு ஏறி வந்தாள்.

"தலைவரே, தோண்டாதீர்கள்! புல் போனால் மண் போய்விடும். மண் போனால் தண்ணீர் எங்கே நிற்கும்? என் ஊற்று இப்போதே பாதியாகிவிட்டது!"

"ஏய் சுண்டைக்காய்! ஒன்று வற்றினால் இன்னும் ஒன்பது இருக்கிறது. ஓடிப் போ!"

எதிர்மலையிலிருந்து கொம்பழகியும் கத்தினாள். "அடேய், உச்சியைக் கெடுக்காதே!"

"பொறாமை!" என்றான் வளைப்பல்லன். கூட்டம் சிரித்தது.

மழை வந்தது. பிய்ந்து கிடந்த மண் சிவப்புச் சேறாகப் பள்ளத்தாக்கில் இறங்கியது. வெறும் பாறை பல்லை இளித்தது. அடுத்துக் கோடையும் வந்தது. ஊற்றுகள் ஒவ்வொன்றாக வற்றின.

"ஆறு இருக்கிறது! கல்மலையைவிட ஐந்து அதிகம்!" என்றான் வளைப்பல்லன்.

பத்து நாள் கழித்து, "இரண்டு இருக்கிறது! இன்னும் நாம்தான் மேல்!" என்றான். அப்போதும் சிலர் தலையாட்டினார்கள்.

பிறகு அந்த இரண்டும் வற்றின.

புள்ளியாளின் குட்டி காய்ந்த ஊற்றின் கல்லை நக்கியபடியே செத்துப்போனது. உச்சிவெயில் ஏறும்வரை அவள் அதன் முகத்தை நக்கிக்கொண்டிருந்தாள். அவள் நாக்கிலும் ஈரமில்லை.

அன்றே வளைப்பல்லன் கூட்டத்தைக் கூட்டினான். "கல்மலைக்காரி தண்ணீரை ஒளித்து வைத்திருக்கிறாள்! வாருங்கள், பிடுங்குவோம்!"

எல்லா விலங்குகளும் பள்ளத்தாக்கைக் கடந்து கல்மலை ஏறின. புள்ளியாள் கடைசியாக நடந்தாள்.

ஊற்றுக்குப் போகும் ஒடுக்கமான பாறைவழியில் கொம்பழகி குறுக்கே நின்றாள்.

"வழி விடு! அக்கம்பக்கத்தார் தாகத்தில் சாகிறோம். உனக்கு இரக்கமே இல்லையா?" என்றான் வளைப்பல்லன்.

"இரக்கத்தைப் பற்றி நீ பேசுகிறாயா? பத்து ஊற்றைத் தின்று ஏப்பம் விட்டுவிட்டு, என் ஒன்றுக்கும் வந்து நிற்கிறாயே, வெட்கமாக இல்லை?"

"நாங்கள் நூறு பேர்! மிதித்துவிட்டுப் போவோம்!"

அப்போது கால்களுக்கிடையே நுழைந்து புள்ளியாள் முன்னால் வந்தாள்.

"முதலில் என்னை மிதி!" என்று கத்தினாள். "என் குட்டி செத்துவிட்டது. இவள் கொல்லவில்லை. நீ கொன்றாய்! நீ தோண்டினாய், நாங்கள் வாயை மூடிக்கொண்டு பார்த்தோம். நீ கேட்டபோதெல்லாம் பத்து, பத்து என்று கூவினோம். இப்போது கேள்! நம் மலையில் ஊற்று எத்தனை? கேளடா!"



"இவளைத் தள்ளுங்கள்!" என்று வளைப்பல்லன் தன் கூட்டத்தைப் பார்த்து உறுமினான்.

யாரும் அசையவில்லை. அவன் மனைவியே குட்டிகளை அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "உன் பேச்சைக் கேட்டது போதும்!" என்றாள்.

வளைப்பல்லன் வெறியோடு பாய்ந்தான். கொம்பழகி புள்ளியாளைத் தாண்டிக் குதித்து ஒரே முட்டு முட்டினாள். அவன் உருண்டு போய் முட்புதரில் விழுந்தான். எழுந்தான். திரும்பிப் பார்க்காமல் கீழே இறங்கிப் போனான். அவன் பின்னால் ஒருவரும் போகவில்லை.

கொம்பழகியின் கோபம் இன்னும் அடங்கவில்லை. "குடியுங்கள்! குட்டிகள் முதலில். வாய் மட்டும்தான் படவேண்டும், கால் படக்கூடாது. மழை தொடங்கியதும் உங்கள் மலைக்குத் திரும்பிப் போய் உச்சியைக் காப்பாற்றுங்கள். அடுத்த கோடைக்கு இங்கே வந்து நின்றால், குட்டிகளைத் தவிர ஒருவருக்கும் சொட்டுத் தண்ணீர் கிடையாது!"

அவர்கள் தலைகுனிந்து, வரிசையில் நின்று குடித்தார்கள். மழை வந்ததும் திரும்பிப் போனார்கள். உச்சிப் பக்கம் யாரும் மூக்கை நீட்டவில்லை. பாறை இடுக்குகளில் புல் மெல்ல மெல்ல முளைத்தது. நான்கு மழைக்காலம் கழித்து மூன்று ஊற்றுகள் கசிந்தன. மற்ற ஏழும் திரும்பவே இல்லை.

காக்கத் தெரியாதவனுக்குப் பத்து ஊற்று இருந்தாலும் ஒரு கோடைக்குத் தாங்காது.