பேர் சொல்லாத காடு

முன்னொரு காலத்திலே, மழை வழி தவறினால் மரங்களிடம் கேட்டுக்கொண்டு வந்த காலத்திலே, மாமல்லி நாட்டில் ஒரு பெருங்காடு இருந்தது. என்ன காடு தெரியுமா? அண்ணாந்தால் கருமந்தி, குனிந்தால் முள்ளம்பன்றி, சும்மா நின்றால் தோளிலே பட்டாம்பூச்சி! நாலு தேசத்து ஆட்களும் பார்க்க வந்தார்கள். காட்டுச் சனங்கள் அவர்களுக்கு வழிகாட்டிப் பிழைத்தார்கள்.

அந்தக் காட்டை அழித்துக் கோட்டை கட்ட ஆசைப்பட்டான் கருக்கிருட்டன் என்ற மந்திரவாதி. காட்டுக்குள் எந்த விலங்கின் பேரைச் சொன்னாலும் அது கல்லாகட்டும் என்று சாபம் போட்டான். வந்தவர்கள் வாய் சும்மா இருக்குமா? "அதோ மான்" என்றார்கள், கல். "இதோ கரடி" என்றார்கள், கல். வெறும் பாறைக் காடு என்று ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது.

மந்திரவாதி அரசனிடம் போய்க் காட்டைக் கேட்டான். பொழுது சாய்வதற்குள் நான் ஓர் உயிரையாவது பார்க்காவிட்டால் காடு உனக்கே என்று அரசனும் அவசரப்பட்டு வாக்குக் கொடுத்துவிட்டான்.

அரசனுக்கு வழிகாட்ட வந்தவள் மசணி என்ற காட்டுப் பெண். மந்திரவாதியும் கூடவே ஒட்டிக்கொண்டான். ஓடைக்கரையில் அரசன் குதித்தான்: "யானை!" பார்த்தால் பாறை. பாறையைப் போய் யானை என்கிறீர்களே என்று மந்திரவாதி சிரித்தான். மரத்தடியில் அரசன் மறுபடி குதித்தான்: "இருவாச்சி!" பொத்தென்று ஒரு கல் விழுந்தது.

மசணிக்குச் சட்டென்று பிடிபட்டது. அவள் சனங்கள் காட்டுக்குள் எதையும் பேர் சொல்லி அழைப்பதில்லை. யானை அவர்களுக்குப் பெரியவர், புலி கோடு போட்டவர், பெரிய அலகுள்ள இருவாச்சிப் பறவை மூக்கர். அது மரியாதை. அதனால்தான் அவர்கள் பார்த்த எதுவும் கல்லாகவில்லை.

"ராசா, இனிமே வாயைப் பொத்திக்கிட்டு வாங்க" என்று காதோடு சொன்னாள். பாவம் அரசன், இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். ஒரு பெரியவர் குட்டியோடு வந்தார். மூக்கர் தலைக்கு மேலே பறந்தார். அரசனுக்குக் கண்ணில் நீர் தளும்பியது.

காரியம் கெட்டதென்று மந்திரவாதி புதருக்குள் நழுவினான். அடுத்த கணம் புதரைக் கிழித்துக்கொண்டு ஒரு புலி பாய்ந்து வந்தது. அரசன் கிலியில் இன்னும் இறுக்கிப் பொத்தினான். மசணி மேலே பார்த்தாள். நிஜப் புலி வந்தால் மந்திகள் கத்தியே காட்டைக் கலக்கிவிடும். இவையோ நிதானமாகப் பழம் தின்றுகொண்டிருந்தன.

"இப்பச் சொல்லுங்க ராசா. நல்லா வாய்விட்டுச் சொல்லுங்க."

அதுவரை அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்துக் கத்தினான் அரசன்: "புலி!"

புலி உருவெடுத்துப் பாய்ந்த மந்திரவாதி பாய்ந்தபடியே கல்லானான். சாபம் உடைந்தது. கல்லான கரடி சோம்பல் முறித்தது, மான் காதை ஆட்டியது, யானை ஓடையில் இறங்கியது. காடு இனி காட்டுச் சனங்களின் பொறுப்பு என்றான் அரசன், மசணியைக் கும்பிட்டு.

இன்றைக்கும் அந்தக் காட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள். உள்ளே யாரும் மூச்சு விடுவதில்லை. திரும்பும் வழியில் அந்தக் கல்லுக்கு முன்னால் நின்று, குழந்தைகளெல்லாம் தொண்டை கிழிய ஒரு தடவை 'புலி' என்று கத்திவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்கள்.