கருமந்தியின் மச்சான் புதர்

நீலகிரிக் காட்டின் ஓடைக்கரையில் ஒரு முட்புதர் இருந்தது. சிலர் அதை ஊசிக்களா என்பார்கள், சிலர் மரமஞ்சள் என்பார்கள். அதற்குள் ஒரு கொண்டைக்குருவி கூடு கட்டி மூன்று குஞ்சுகளை வளர்த்தது. புதர் நிறையக் கருநீலப் பழங்கள். மழை பிடிப்பதற்குள் அவற்றைத் தின்று குஞ்சுகள் பறந்தாக வேண்டும். தாய்க்குத் தூக்கமே இல்லை.

ஒரு காலை கருமந்திக் குரங்கு ஒன்று வந்தது.

"கூட்டைக் காலி பண்ணு. இந்தப் புதர் என் மச்சான். பழமெல்லாம் எனக்குத்தான்."

"எந்த வழியில் மச்சான், அண்ணே?"

"மரமஞ்சள் என்றால் மஞ்சளுக்கு அண்ணன். மஞ்சளுக்குத் தங்கை இஞ்சி. என் மாமியார் பிறந்தது இஞ்சித் தோட்டத்து வேலியில். போதுமா?"

குருவிக்குத் தலை சுற்றியது. பக்கத்தில் மேய்ந்த காட்டெருமையிடம் பறந்து போய் முறையிட்டது. காட்டெருமை நெடுநேரம் மென்றது.

"மாமியார் வேலியில் பிறந்தது உண்மை என்றால், உறவு உண்டுதான் போலிருக்கிறது."

குருவி பதறியது. குஞ்சுகளைப் பார்த்தது, முட்களைப் பார்த்தது. பிறகு மெல்லச் சொன்னது:

"சரி அண்ணே. ஆனால் மச்சான் வீட்டுக்கு வந்தவர் கட்டித் தழுவி நலம் கேட்காமல் நேரே பந்தியில் உட்காரலாமா? நாலு பேர் என்ன நினைப்பார்கள்?"

"அதுதானே முறை!" என்றது காட்டெருமை.

கருமந்தி மார்பை நிமிர்த்தியது. "மச்சான், சௌக்கியமா?" என்று புதரை இறுக அணைத்தது. கணுவுக்கு மூன்று முள்! வயிறு, மூக்கு, வால் எங்கும் ஏறியது.

"ஐயோ! யார் இவன்? இவனை நான் பார்த்ததே இல்லை!"

புதர் முதல் முறையாக வாய் திறந்தது. "மஞ்சளையும் இஞ்சியையும் நானும் பார்த்ததில்லை. மேட்டில் ரம்பப்பல் இலையோடு ஒரு செடி நிற்கிறாளே, அவள்தான் என் சித்தப்பா மகள். அவள் கட்டையைச் சீவினாலும் என்னைப் போலவே மஞ்சளாக இருக்கும். என் பேரில் இருக்கும் மஞ்சள் அந்த நிறம்தான்."

"அப்படியென்றால் இந்தக் குருவி உனக்கு யார்?" என்றது காட்டெருமை.

"என் விதைகளை மலையெங்கும் கொண்டு போய்ப் போடுகிறவள். அவள் பிள்ளைகள் தின்னட்டும்."

மழைக்கு முந்தின நாள் மூன்று குஞ்சுகளும் பறந்தன. கருமந்தி அன்றும் வாலிலிருந்து முள் எடுத்துக்கொண்டிருந்தது.

பழத்துக்காக உறவு சொல்லி வருகிறவர், முள்ளும் அதே வீட்டுப் பிள்ளைதான் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.